கறள் பிடிக்காத இரும்பு

கண்டக்குழிக் கோயிலின் படிக்கட்டுக்குப் புதிதாகப் போட்ட ஸ்டெயின்லெஸ் கைப்பிடிக் கம்பியில் அவர் காந்தத்தை வைத்துப் பார்த்த நாளிலிருந்து பாதருக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சனம் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பியை நேர்த்திக்காகக் கொடுத்த குடும்பம் கீழே நின்றது. அவர் சட்டைப் பையிலிருந்து, பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றி எடுத்த காந்தத் துண்டை எடுத்து மெல்லக் கம்பியில் வைத்தார். நல்ல ஸ்டெயின்லெஸில் காந்தம் ஒட்டாது. இது டக்கென்று ஒட்டிக்கொண்டது. "இது நிண்டுபிடிக்காது பாதர்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, காந்தத்தைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாராம். கடலிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் அடுத்த பருவத்திலேயே அந்தக் கம்பி கறள் பிடித்துச் செம்மண் நிறமாகிப் போனது. அதற்காக யாரும் அவரை மெச்சவில்லை. சொன்னது சரியாகப் போனதற்காக ஊரில் யாரும் யாரையும் விரும்பியதில்லை.

அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஊரில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. இத்தாலியில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் இத்தாலியார் என்றுதான் சொல்வார்கள். நான் அண்ணன் என்பேன். அவர் என்னை நானா என்பார், அதுவும் அண்ணன்தான். வயதில் என்னைவிட நன்றாக மூத்தவர்தான், ஆனாலும் அந்தக் கரையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் எவனும் நானாதான்.

எனக்குப் பாலாவியில், கல்பிட்டிக்குத் திரும்பும் வீதியோரம் ஒரு சின்னக் கராஜ். வாகனங்களுக்குச் சைலன்சர் ஒட்டுவதும் மாற்றுவதும் தொழில். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரில் இருந்து உடுத்த உடுப்போடு வந்து, ஓலைக் கொட்டிலில் கிடந்து, வெல்டிங் பழகி எழும்பியவன் நான். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கடல்நீர் தேங்கிய களப்பு, அதற்கப்பால் கடல். அந்தக் காற்றுக்கு எந்த இரும்பும் கறள் கட்டும். எனக்கு வேலை இல்லாத நாளென்று ஒன்று இருந்ததில்லை. ஆனால் நான் ஒட்டி அனுப்பிய குழாயே ஓட்டை விழுந்து திரும்பவும் என் முன்னால் வந்து நிற்கும். இளமையில் அது பிழைப்பாகத் தெரிந்தது. பிறகு பிறகு அலுப்பாகத் தெரிந்தது.

யுத்தம் முடிந்து வீதிகளில் சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்த காலத்தில்தான் அவர் முதன்முதல் கராஜுக்கு வந்தார். சின்ன லொறி ஒன்றின் பின்னால் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் கயிற்றில் இழுபட்டு வந்தது. லொறிக்குள் படுக்கை விரிப்பால் சுற்றிய நீளமான பொதி ஒன்று. அதைத் தானே தூக்கி வந்து, குழந்தையைக் கிடத்துவதுபோல என் மேசையில் கிடத்தினார்.

"நானா, இது ஸ்டெயின்லெஸ். வெளிநாட்டில சொல்லிச் செய்விச்சது. முன்குழாய், சைலன்சர், பின்குழாய், முழுச் செட்டும் இருக்கு. உங்கட வெல்டிங் கம்பி இதில படக்கூடாது."

"அப்ப எப்பிடிப் பூட்டுறது அண்ணன்?"

"கிளாம்ப் போட்டுத்தான். கிளாம்பும் கொண்டு வந்திருக்கிறன். போல்ட்டும் கொண்டு வந்திருக்கிறன். நீங்க பூட்டி மட்டும் தாங்க."

விரிப்பை அவிழ்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. என் முகம் அதில் நீண்டு நெளிந்து தெரிந்தது. காந்தத்தை எடுத்துக் குழாய் நெடுக வைத்துக் காட்டினார். எங்கும் ஒட்டவில்லை. என் மனைவி பிளேன்டீ கொண்டு வந்து வைத்தபோது, அதில் கிடந்த கரண்டியிலும் வைத்துப் பார்த்தார். அதிலும் ஒட்டவில்லை. "நல்ல கரண்டி தங்கச்சி. உங்களுக்கும் எனக்கும் பிறகும் நிண்டுபிடிக்கும்" என்றார். அந்தக் கரண்டியை அவள் அதற்குப் பிறகு வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அவர் வந்தால் மட்டும் வெளியில் எடுப்பாள்.

அந்தக் கார் ஒரு காலத்தில் அவருடைய மாமனார் கல்பிட்டியில் வாடகைக்கு ஓட்டியது. மதுரங்குளிப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டிலில், பின் ஆசனத்தில் கோழிகள் அடைகாக்கக் கிடந்ததைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார். என்ஜினைச் சிலாபத்தில் ஒருவர் செய்தார். உள்ளே புது காப்பெட் ஒட்டி, ஆசனங்களுக்கு உறை தைத்தவர் நீர்கொழும்பில் ஒருவர். குழாய் பூட்டும் வேலை எனக்கு வந்தது. ஏன் இவ்வளவும் என்று நான் கேட்டதற்கு ஒரே பதில்தான்.

"மகள் வரட்டும். எயார்போட்டில இருந்து இதிலதான் கூட்டிக்கொண்டு வரோணும். பிறகு எல்லாருமா மடுவுக்குப் போகோணும். தாய்க்காறி இத்தாலியில சாகக் கிடக்கேக்கயே கேட்டவள், எங்கட அப்பாட காரில மடு மாதாட்டப் போவமோ எண்டு."

அவர் எதைப் பார்த்தாலும் கேட்பது ஒன்றுதான்: நிண்டுபிடிக்குமா? கூரை ஆணியைப் பார்த்துக் கேட்பார். கிணற்று வாளியைப் பார்த்துக் கேட்பார். ஒருமுறை என் கராஜுக்கு வந்த புதுமாப்பிள்ளை ஒருவன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டுப் பட்டியில் காந்தத்தை வைத்துவிட்டு, அவனை ஏற இறங்கப் பார்த்து, "பெண் வீட்டாக்கள் தந்ததா?" என்றார். அவன் சண்டைக்கு வந்துவிட்டான். நான்தான் இடையில் போய்ச் சமாதானப்படுத்தினேன். அவருக்கு அது விளங்கவே இல்லை. "நான் மணிக்கூட்டைத்தானே சொன்னன்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு போனார்.

அவருடைய கேற்றின் பிணைச்சல் ஒன்றைச் சரிசெய்ய ஒருநாள் கண்டக்குழிக்குப் போனேன். வலைகள் காயும் மீனவர் வாடிகளுக்கும் வெளிநாட்டுக்காரருக்குக் கட்டிய குடில்களுக்கும் நடுவில் தனியாக நின்றது வீடு. கேற், யன்னல் கம்பி, மொட்டைமாடிப் பிடி, தண்ணீர்த் தாங்கியின் கால்கள், எல்லாம் ஸ்டெயின்லெஸ். மதிய வெயிலில் அந்த வீட்டை நேராகப் பார்க்க முடியாது. மேல் அறையைத் திறந்து காட்டினார். மகளுக்கென்று வைத்த கட்டில். மெத்தையின் மேல் பொலித்தீன் உறை பிரிக்கப்படவில்லை. பேத்திக்கு ஒரு சின்ன மேசை, ஒரு சின்னக் கதிரை. அலுமாரிக்குள் புதுத் துவாய்கள் மடித்தபடி. சுவரில் ஏசி பொருத்தியிருந்தது, அதையும் போட்டதில்லை.

"நீங்க எங்க படுக்கிற?"

குசினிக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இருந்தது. அங்கே ஒரு கன்வாஸ் கட்டில், ஒரு மண் பானை, சுவரில் மாதா படம்.

"எனக்கு இது காணும் நானா. மேல இருக்கிறதெல்லாம் வாறவைக்கு."

வாறவை எப்போது வருவார்கள் என்று கேட்டேன். அடுத்த டிசம்பர் என்றார். அதற்கு முந்தைய வருடமும் அதைத்தான் சொல்லியிருந்தார்.

திரும்பும்போது சேமக்காலைப் பக்கம் கூட்டிப் போனார். மனைவியின் கல்லறையில் நட்ட சிலுவையும் அதே உலோகம்தான். அதன் அடியில் தேநீர் சிந்தியதுபோல மெல்லிய மண்ணிறம் படர்ந்திருந்தது. அதை மினுக்கித் தரமுடியுமா என்று கேட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலில் இருந்து துணியால் தேய்த்தேன். அவர் பக்கத்தில் குந்தியிருந்து, கடலைப் பார்த்துக்கொண்டு, கேட்காமலே சொன்னார்.

"அங்க, இத்தாலியில, குழியும் வாடகைக்குத்தான் நானா. தெரியுமா உங்களுக்கு? கொஞ்ச வருஷம் போக, அறிவிப்பு வரும். வேற ஆளுக்கு இடம் வேணும், எடுங்க எண்டு. கிண்டி, எலும்பைத் துடைச்சு, ஒரு சின்னப் பெட்டியில போட்டுத் தருவாங்க. அவளை அப்பிடித்தான் தந்தாங்க. நான் அங்க சம்பளத்துக்கு ஒரு கிழவனைப் பாத்துக்கொண்டிருந்தன், குளிக்கவாக்கிறது, சாப்பாடு தீத்துறது. அந்தக் கிழவன்ர வீட்டுக் கதவுப் பிடியெல்லாம் அவன்ர பாட்டன் காலத்துப் பித்தளை. கதவுப் பிடி அப்பிடியே இருக்கு. என்ர மனிசி பெட்டிக்குள்ள வாறா."

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ஏதாவது சொல்லவேண்டி வந்திருக்கும்.

"கட்டுநாயக்க எயார்போட் வரைக்கும் பெட்டி என்ர மடியிலதான் இருந்தது" என்றார் பிறகு. "பாரமே இல்லை."

காரில் குழாய் பூட்டி முதல் மழைக்காலம் போனதும் அவர் ஓடி வந்தார். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று சொல்ல வருகிற முகம். குனிந்து பார்த்தேன். பின்குழாயில் சிலுவையில் கண்ட அதே மண்ணிறப் பொட்டுகள்.

"கறள் பிடிக்காதெண்டு தானே தந்தவன்? காந்தம் ஒட்டேல்லையே!"

"இது மேலால உப்பு பட்ட கறை அண்ணன். உங்கட வீட்டுக்கும் கடலுக்கும் என்ன தூரம்? நல்ல தண்ணியால அடிக்கடி கழுவினாப் போதும். உள்ளுக்குத்தான் கவனிக்கோணும்."

உள்ளே என்ன என்று கேட்டார். எங்கள் தொழிலில் எல்லாரும் அறிந்ததைத்தான் சொன்னேன். என்ஜின் எரியும்போது புகையோடு தண்ணீரும் வரும். நெடுந்தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடாகி அந்தத் தண்ணீர் ஆவியாய்ப் போய்விடும். கோயிலுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டினால் குழாய் சூடாகும் முன்னரே என்ஜின் நின்றுவிடும். தண்ணீர் சைலன்சர் பெட்டிக்குள்ளேயே தேங்கி, புளித்து, உள்ளிருந்து தின்னும். வெளியில் எவ்வளவு பளபளத்தாலும் உதவாது.

"ஓட்டுங்க அண்ணன். மாசத்துக்கு ஒருக்கா எண்டாலும் சிலாபம் வரைக்கும் போட்டு வாங்க."

அவர் தலையாட்டினார். முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் பின்னேரத்தில் காருக்கு அடியில் படுத்து நல்ல தண்ணீரால் கழுவத் தொடங்கினார். அவருடைய கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் குடிக்க வாங்கும் தண்ணீரையே அதற்கும் ஊற்றினார். ஊர்ச் சனம் அதைப் பார்த்துச் சிரித்தது. "இத்தாலியார் காருக்கு வயித்தைக் கழுவி விடுறார்" என்றார்கள். ஆனால் தூரமாக மட்டும் ஓட்டவே இல்லை. கேட்டால், "கல்லுப் பட்டுடும் நானா. பிள்ளை வரட்டும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மெல்ல உருட்டிப் போய், மெல்ல உருட்டி வந்து, உறை போட்டு மூடுவார். வேறு எங்கும் போவதென்றால் பஸ்ஸில் நின்றுகொண்டு போவார்.

ஒரு டிசம்பரில் மகள் உண்மையிலேயே வந்தாள். தன் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நடந்ததை அவர் எனக்குத் துண்டுதுண்டாகச் சொன்னார், மகள் வேறு விதமாகச் சொன்னாள். இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

கட்டுநாயக்காவில் இருந்து புறப்படும்போதே மழை. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி மூடிவிட்டார்கள். பழைய காருக்குள் பெற்றோல் மணமும் புது காப்பெட்டின் பசை மணமும் எப்போதும் இருந்தபடியால் யாரும் ஒன்றையும் வித்தியாசமாக நினைக்கவில்லை. அவர் சந்தோசத்தில் பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். தலையிடித்தது, மழையில் கண்ணைக் கூர்ந்து பார்ப்பதால் என்று நினைத்தாராம். மகளுக்கும் தலையிடித்தது. விமானத்தில் நித்திரை இல்லாததால் என்று அவள் நினைத்தாள். பிள்ளை பின் ஆசனத்தில் தாயின் மடியில் தூங்கிப் போயிருந்தது. சிலாபம் தாண்டி ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, பிள்ளைக்குப் பால் வாங்கி வந்து எழுப்பினார்கள். பிள்ளை எழும்பவில்லை.

உலுப்பினார்கள். தலை ஒரு பக்கமாய்ச் சரிந்தது. மகள் கதறிக்கொண்டு பிள்ளையைத் தூக்கி மழைக்குள் ஓடியிருக்கிறாள். தேநீர்க் கடைக்காரர் தன் முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். மழைச் சாரலும் காற்றும் முகத்தில் பட, போகிற வழியிலேயே பிள்ளை வாந்தி எடுத்து அழத் தொடங்கியது. முகத்தில் குழாய் வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். புகை நஞ்சு என்றார்கள். இன்னும் கொஞ்சத் தூரம் நிறுத்தாமல் போயிருந்தால் என்று டொக்டர் தொடங்கி, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, முடிக்காமல் விட்டாராம்.

கார் மீண்டும் கயிற்றில் இழுபட்டு என் கராஜுக்கு வந்தது. அவர் ஒரு மூலையில், பழைய டயரின் மேல் இருந்தார். நான் குழாயைக் கழற்றினேன். வெளியே அப்போதும் முகம் பார்க்கலாம். சைலன்சர் பெட்டியைச் சரித்ததும் உள்ளிருந்து தேநீர்ச் சாயம்போலத் தண்ணீர் ஊற்றியது. கிரைண்டரால் பெட்டியை வெட்டித் திறந்தேன். உள்ளே இருந்த தகடுகள் செதில் செதிலாய் உதிர்ந்து, ஒரு பக்கம் அடைத்துக் கிடந்தன. புகை போக வழியில்லாமல், முன்குழாய் நுழையும் பெட்டி வாயில், வெளிநாட்டில் வைத்த வெல்டிங் ஓரமாக வெடித்திருந்த பிளவால் மேலே கிளம்பியிருக்கிறது. அவர் எழும்பி வந்து காந்தத்தை உடைந்த தகடு ஒன்றில் வைத்தார். ஒட்டியது.

"மேல ஒண்டு. உள்ளுக்கு வேற" என்றார்.

செய்தவன் உறையை மட்டும் நல்ல உலோகத்தில் செய்து, உள்ளே மலிவானதைப் போட்டிருந்தான். நான் காரின் தரையைப் பார்க்க காப்பெட்டை உரித்தேன். நீர்கொழும்பில் ஒட்டிய அந்த அழகான காப்பெட்டின் கீழே, பின் ஆசனத்துக்கு முன்னால், தகரமே இல்லை. கறள் தின்று, சல்லடையாய், கீழே சீமெந்துத் தரை தெரிந்தது. குழாயைக் கழுவிக்கொண்டே இருந்த மனிதர் தரையைப் பார்க்கவில்லை. காப்பெட் ஒட்டியவனும் பார்த்தானோ இல்லையோ, சொல்லவில்லை.

அவர் குனிந்து அந்த ஓட்டைகளைப் பார்த்தார். நிண்டுபிடிக்குமா என்று கேட்கவில்லை. "சரி" என்றார். பிறகு பஸ் பிடித்துப் போய்விட்டார்.

இரண்டொரு நாள் கழித்து மகள் தனியாக வந்தாள். அவளுடைய தமிழ் தாயிடம் பழகிய தமிழ், இடையிடையே நின்று சொல்லைத் தேடும். என் மனைவி கதிரை போட்டாள்.

"அங்கிள், நீங்க இந்தக் காரைத் திருத்திக் குடுக்காதீங்க. திருத்த ஏலாதெண்டு சொல்லுங்க."

"அது பொய் மகள். திருத்தலாம். தரைக்குப் புதுத் தகரம் வைச்சு, வேற சைலன்சர் பூட்டினா ஓடும்."

அவள் தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஓடி விளையாடுகிறது என்றாள். தனக்குக் கோபமும் இல்லை என்றாள்.

"எனக்குக் களைச்சுப் போச்சு அங்கிள். அந்த வீட்டில எல்லாத்தையும் அப்பா எனக்கெண்டு வைச்சிருக்கார். மெத்தையில பொலித்தீன் இருக்கு, தெரியுமா? நான் படுத்தாச் சத்தம் போடுது. உறையை எடுக்கவோ எண்டு கேட்டன். அப்பா யோசிச்சார். நான் என்ன செய்ய? அங்க எனக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். நான் அங்க உயிரோட இருக்கிறதே இவருக்கு ஏதோ பிழை செய்யிற மாதிரி இருக்கு. அவர் எனக்காகக் காத்துக்கொண்டிருக்க வேண்டாம். அதைச் சொல்ல எனக்குத் தமிழும் காணாது, தைரியமும் காணாது."

என் மனைவிதான் பதில் சொன்னாள். "உங்கட வாப்பாக்கு நீங்க இதே தமிழில சொல்லுங்க மகள். இது காணும்."

அவள் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. விடுமுறை முடிந்து வாடகை வான் ஒன்றில் எயார்போட்டுக்குப் போனாள். கார் என் கராஜின் பின்பக்கம் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. அவர் வரவில்லை. பங்குனி போனது, சித்திரை போனது. வழியில் கண்டவர்கள், இத்தாலியார் கழுவுவதை எல்லாம் விட்டுவிட்டார், கேற்றில் பொட்டுப் பொட்டாய்க் கறை என்றார்கள். மேல் அறையில் படுக்கிறார் என்றும் சொன்னார்கள். யன்னலில் வெளிச்சம் தெரிகிறதாம்.

கச்சான் காற்று எழும்பி, பக்கத்து ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிப் பலகையில் அலைமேல் ஓடத் தொடங்கிய பருவத்தில் ஒருநாள் காலையில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். ஆனால் சவரம் செய்து, சட்டை மாற்றி வந்திருந்தார்.

"நானா, தரைக்குத் தகரம் வையுங்க. சைலன்சருக்குச் சும்மா இரும்பு போடுங்க."

எனக்கு விளங்கவில்லை. "சும்மா இரும்பெண்டா?"

"வாடகை வானுகளுக்குப் போடுவீங்களே. அது."

"அண்ணன், அது உங்கட பக்கக் காத்துக்கு நிண்டுபிடிக்காது. ரெண்டு வருசம் போனாப் பெரிசு."

"காணும். ஆவணித் திருநாளைக்கு மடுவுக்குப் போய் வரக் காணும்."

தரைக்குத் தடித்த தகரமாய்ப் பார்த்து வைத்தேன். ஓரம் ஒரு ஊசித் துவாரம் விடாமல் ஒட்டி, தார் பூசி, கீழே விளக்கு வைத்து மேலிருந்து பார்த்தேன். அவரையும் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். குழாய் பூட்டி முடிந்ததும், யாரோடு போகிறீர்கள் என்று கேட்டேன்.

"உங்களோடதான். தங்கச்சியும் வரட்டும்."

"அண்ணன், எங்களுக்கு மடுவில என்ன அலுவல்?"

"திரும்பி வாற வழியில உங்கட ஊர் இருக்குத்தானே?"

இருந்தது. இலவன்குளத்தில் ஆற்று நீரோடு தாழ்ந்து கிடக்கும் சப்பாத்துப் பாலத்தைக் கடந்து காட்டுப் பாதையால் போனால் முசலி, அதற்குப் பக்கத்தில் எங்கள் ஊர். யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் என் மைத்துனன்மார் போய் வந்தார்கள். சிலர் தகரக் கொட்டில் போட்டு இருக்கிறார்கள் என்றும் கேள்வி. நான் மட்டும் போகவில்லை. கேட்பவர்களுக்குக் கராஜைச் சாட்டினேன். உண்மையில், போய் அங்கே நின்று என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அழவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

மறுக்கத்தான் நினைத்தேன். என் மனைவி உள்ளேயிருந்து, "போவம்" என்றாள்.

அப்படித்தான் நாங்கள் போனோம். எல்லாக் கண்ணாடிகளும் திறந்தபடி. காட்டுப் பாதையில் செம்புழுதி உள்ளே வந்து மூவரும் ஒரே நிறமானோம். மடுவில் சனம் மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து நிறைந்திருந்தது. அவர் மட்டும் உள்ளே போனார். நாங்கள் பாலை மர நிழலில் இருந்தோம். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "சொல்லியாச்சு" என்றார். காலமான தன் மனைவியிடமா மாதாவிடமா என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஊருக்கு வரும்போது பின்னேரம். வீதி எது, வீட்டு வளவு எது என்று பிரிக்க முடியாமல் பற்றைக்காடு மூடிக் கிடந்தது. தூரத்தில் புதுத் தகரங்கள் சில மின்னின. நான் முன்னால் நடந்தேன். பள்ளிவாசலின் இடிந்த சுவரை வைத்துக் கணக்குப் பார்த்து, இடப்பக்கம் திரும்பி, கள்ளிப் புதரை விலக்கியபோது வாப்பா கட்டிய கிணறு இருந்தது. அதன் சுற்றுக்கட்டு ஒரு பக்கம் உடைந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெரிந்தது.

"இதுதானா நானா?"

"ஓம். இதாத்தான் இருக்கோணும்."

வரவேண்டிய அழுகை வரவில்லை. என் மனைவி பற்றைக்குள் கொஞ்சத் தூரம் போய், அடி வைத்து அளப்பதுபோல நடந்து, நின்று, "இதில குசினி" என்றாள். பிறகு, "இது நாங்க பாய் விரிச்ச இடம்" என்றாள். அவர் காருக்குப் போய்ப் பேக்கரிப் பாணையும் மீன் கறிப் பாத்திரத்தையும் எடுத்து வந்து கிணற்றுக் கட்டின் மேல் வைத்தார். பாணைப் பிய்த்து முதலில் எனக்குத்தான் நீட்டினார். நாங்கள் மூன்று பேரும் அந்த வளவில் இருந்து சாப்பிட்டோம். அந்த இடத்தில் நான் திரும்பவும் ஒரு நேரச் சாப்பாடு சாப்பிடுவேன் என்று நினைத்ததில்லை.

திரும்பும் வழியில், காட்டுப் பாதையின் நடுவில், கல்லொன்றில் பட்டுச் சைலன்சரைத் தாங்கும் கொழுவி கழன்று, குழாய் நிலத்தில் இழுபட்டது. இறங்கிப் பார்த்தேன். பொருத்து விலகி, சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. வேலிக் கம்பித் துண்டொன்று கிடந்தது. அதை வைத்துக் கட்டினேன். இதே மனிதர் ஒரு பொட்டுக் கறைக்காக ஓடி வந்தவர். இப்போது காருக்கு வெளியே நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"விடுங்க நானா. இருட்ட முந்திப் புத்தளம் போய்ச் சேந்தாச் சரி."

அந்தப் பெரிய இரைச்சலோடு காட்டைக் கடந்தோம். மயில்கள் பாதையை விட்டு ஓடின. ஒருவர் கதைப்பது ஒருவருக்குக் கேட்காது. பாலத்தைத் தாண்டித் தார் வீதியில் ஏறிய பிறகுதான் சத்தம் கொஞ்சம் அடங்கியது. பின் ஆசனத்தில் இருந்த என் மனைவி முன்னுக்குச் சாய்ந்தாள்.

"அண்ணன், அடுத்த முறை கொஞ்சம் வெள்ளன வெளிக்கிடுவமா? கிணத்தை இறைச்சுப் பாக்கோணும்."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"விடியச் சுபஹ் தொழுதிட்டு ரெடியா நில்லுங்க தங்கச்சி" என்றார். "நான் வாசலில நிப்பன்."